தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மா

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கமா நான் போடுறது அன்னதான நேரம், தொண்டூழியர் ரோஸ்டர், தொலைஞ்ச செருப்பு விஷயம், இவ்வளவுதான். இன்னிக்கு வீட்டு விஷயம் எழுதுறேன். என் மனைவி முழுசா படிச்சு, ரெண்டு இடத்துல அடிச்சுத் திருத்தி, "சரி, போடுங்க"ன்னு சொன்ன பிறகுதான் போடுறேன்.

இந்த வருடத் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால நல்ல கூட்டம். ஒரு தண்ணீர்ப் பந்தலில் என் மனைவி நாற்காலியில உட்கார்ந்து மோர் ஊத்திக் கொடுத்துக்கிட்டு இருந்தா. ஒரு அம்மா வாங்கிக் குடிச்சிட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட கொஞ்சம் சத்தமாவே சொன்னாங்க: "தொண்டு செய்ய வந்துட்டு உட்கார்ந்துக்கிட்டேவா செய்றது?"

எனக்கு அவங்க மேல கோபம் வரல. ஏன்னா அந்த வார்த்தையை நானே எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். பிரகாரத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்தவங்களை "கொஞ்சம் நகருங்க, மத்தவங்க நடக்க வழி வேணும்"னு எழுப்பியிருக்கேன். வயசானவங்கன்னா விட்டுடுவேன். நடுத்தர வயசுல, பார்க்க நல்லா இருக்கிறவங்க உட்கார்ந்தா முகத்தைச் சுளிப்பேன். இப்ப அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது என் மனைவி. அதனாலதான் எழுதுறேன்.

எங்களைப் பலருக்குத் தெரியும். நான் லோயாங்ல ஒரு தொழிற்சாலையில சூப்பர்வைசர். வயசு 55. 'ஓ' லெவலோட படிப்பு முடிஞ்சது. 19 வருஷமா கோயில் தொண்டு. என் மனைவி தீமிதிக் காலத்துல மாரியம்மன் கோயில்ல 11 வருஷம் விடாம கும்பிடுதண்டம் போட்டவ. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ஆண்கள் அங்கப்பிரதட்சணம் செய்ற மாதிரி, பெண்கள் கோயிலைச் சுத்தி ஒவ்வொரு அடிக்கும் விழுந்து எழுந்து கும்பிட்டுக்கிட்டே வருவாங்க. தலை வரைக்கும் ஈரம், முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஒரு சுத்து முடிக்கும்போது நமக்கே பார்க்கக் கஷ்டமா இருக்கும். அவ சிரிச்சுக்கிட்டே எழுந்து வருவா.

2023 தொடக்கத்துல அவளுக்கு இடது முழங்கால் வலின்னு ஆரம்பிச்சது. நான் முதல்ல சொன்னது, "வயசாகுதில்ல, கொஞ்சம் எடையைக் குறை." ரெண்டாவது சொன்னது, "வருஷா வருஷம் விழுந்து விழுந்து கும்பிடுறியே, தேய்ஞ்சிருக்கும்." கோடாலித் தைலம் தேய்ச்சா. ஒரு கிளினிக்குக்குப் போனோம். முட்டியை எக்ஸ்ரே எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னு மாத்திரையும் ஆயின்மென்ட்டும் கொடுத்தாங்க. திரும்பப் போனோம். அதே மாத்திரை. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு நானே அவளை மசாஜ் பண்றவர்கிட்ட ஆறு தடவை கூட்டிக்கிட்டுப் போனேன். நல்லா அழுத்திப் பிடிச்சு விட்டாரு. அவ பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. "வலி இருந்தாத்தான் சரியாகும்"னு நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது.

என் வேலை என்ன தெரியுமா? மெஷின் சத்தத்தைக் கேக்குறது. 30 வருஷ அனுபவம். ஒரு பெல்ட் கொஞ்சம் வேற மாதிரி சத்தம் போட்டா உடனே லைனை நிறுத்தச் சொல்லிடுவேன். சத்தம் வர்ற இடத்துலதான் கோளாறு இருக்கும்னு இல்லன்னு புதுசா வர்ற தம்பிகளுக்குப் பாடம் நடத்துறவன் நான். இந்தக் கோடியில கிரீச்சுன்னு கேக்கும், பேரிங் போயிருக்கிறது அந்தக் கோடியில. மெஷினுக்கு இவ்வளவு தெரிஞ்சவன், வீட்டுல ஒரு பொம்பளை ஒன்பது மாசம் வலிக்குதுன்னு சொன்னதைக் காதுல வாங்கல.

ஒருநாள் ராத்திரி மூணு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். இருட்டுல சமையல்கட்டுல அவ நின்னுக்கிட்டு இருந்தா. சிங்க்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, சத்தம் வராம அழுதுக்கிட்டு இருந்தா. "எவ்வளவு நாளா?"ன்னு கேட்டேன். "ரெண்டு மாசமா ராத்திரிதான் அதிகமா இருக்குங்க. படுத்தா தாங்கல. நீங்க காலையில ஷிப்டுக்குப் போகணும்னு எழுப்பல"ன்னு சொன்னா.

மறுநாள் லீவு போட்டுட்டு பாலிகிளினிக் போனோம். சின்ன வயசு டாக்டர் பொண்ணு. முட்டியைப் பார்த்துட்டு, அதோட விடல. படுக்க வெச்சு, காலை இடுப்போட சேர்த்துத் திருப்பிப் பார்த்தாங்க. என் மனைவி கத்திட்டா. "ராத்திரி வலிக்குமா? நடக்காம சும்மா இருந்தாலும் வலிக்குமா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்னா. இடுப்புக்கு எக்ஸ்ரே எழுதினாங்க. இடுப்பு மூட்டுக்குப் போற நரம்புகளே முட்டிக்கும் போகுதாம், அதனால கோளாறு மேல இருந்தாலும் வலி கீழ முட்டியில தெரியும்னு சொன்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இதைத்தானே நான் லைன்ல தினமும் சொல்லிக்கிட்டு இருக்கேன்!

எக்ஸ்ரேல தொடை எலும்போட மேல் பகுதியில, பொரி தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளிகள். அப்புறம் எம்ஆர்ஐ, நுரையீரலுக்கு சிடி ஸ்கேன், பயாப்சி. 2023 நவம்பர் கடைசியில பேர் தெரிஞ்சது: காண்ட்ரோசார்கோமா.

அந்தப் பேரை நாங்க கேள்விப்பட்டதே இல்ல. டாக்டர் பொறுமையா விளக்கினதை எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எழுதுறேன். வேற இடத்துல ஆரம்பிச்ச புற்றுநோய் எலும்புக்குப் பரவுறது உண்டு, அது பலருக்கும் வர்றது. எலும்புலயே ஆரம்பிக்கிறது ரொம்ப அபூர்வம். நூறு புற்றுநோய்ல ஒண்ணுகூட அது இல்ல. அதுலயும் பல வகை. ஆஸ்டியோசார்கோமான்னு ஒண்ணு பெரும்பாலும் வளர்ற பிள்ளைகளுக்கு வர்றது, அதுக்குக் கீமோ உண்டு. இவளுக்கு வந்தது குருத்தெலும்பு செல்லுல ஆரம்பிக்கிற வகை, நடு வயசுலயும் அதுக்கு மேலயும் வர்றது. மெதுவா வளரும். ஆனா இதோட சாதாரண வகைக்குக் கீமோவும் சரி, கதிர்வீச்சும் சரி, அவ்வளவா வேலை செய்யாது. ஆபரேஷன்தான் வழி. கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தா போதாது, சுத்தி நல்ல திசுவோட சேர்த்து முழுசா எடுக்கணும். ஒரு துளி விட்டுப்போனாலும் திரும்ப வரும். அவளுக்கு கிரேடு 2, நடுத்தரம்னு சொன்னாங்க.

பயாப்சி சமயத்துல எங்க சொந்தக்காரங்க ஒரு பெரிய கலவரமே பண்ணிட்டாங்க. "ஊசி போட்டா பரவிடும், தொடவிடாதே"ன்னு ஊர்லேர்ந்து போன் மேல போன். நான் டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். அவர் கோபப்படல. ஊசி போற வழியில செல் ஒட்டியிருக்க வாய்ப்பு இருக்கறதாலதான், ஆபரேஷன் செய்யப்போற குழுவே எந்த வழியா ஊசி போடணும்னு முடிவு பண்ணும், அந்த வழியையும் ஆபரேஷன்ல சேர்த்து வெட்டி எடுத்துடுவோம்னு படம் வரைஞ்சு காட்டினார். பயாப்சி செய்யாம இருக்கிறது தப்பு, இந்த நோயைப் பற்றித் தெரியாத இடத்துல செய்றதும் தப்பு. இதை நான் கேக்குற எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

மசாஜ் விஷயத்தையும் ஒத்துக்கிட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேசல. "எலும்பு உள்ளே மெலிஞ்சு போயிருக்கு. உடைஞ்சிருந்தா கட்டி சுத்திப் பரவியிருக்கும், காலைக் காப்பாத்துறது கஷ்டமாயிருக்கும். இனிமே ஊன்றுகோல் இல்லாம ஒரு அடி வைக்கக்கூடாது"ன்னாரு. அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தா கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

கால் இருக்குமா போகுமாங்கிறது அடுத்த கேள்வி. மக டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொன்னா. கனடாக்காரப் பையன், ஆஸ்டியோசார்கோமா வந்து 1977ல வலது காலை எடுத்துட்டாங்க. 1980ல செயற்கைக் காலோட 143 நாள் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்த்தவர். அந்தக் காலத்துல காலை எடுக்கிறதுதான் வழக்கம். இப்ப பெரும்பாலானவங்களுக்குக் கெட்ட எலும்பை மட்டும் வெட்டிட்டு, அந்த இடத்துல நீளமான உலோக எலும்பை வைக்க முடியுது. மெகா புரோஸ்தசிஸ்னு பேர். இடுப்பு மூட்டோட சேர்த்து மாத்திடலாம், பெரிய நரம்பும் ரத்தக்குழாயும் தப்பிச்சிருக்கறதால காலைக் காப்பாத்தலாம்னு நம்புறோம்னு டாக்டர் சொன்னார்.

"ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேட்டார். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "நான் இனிமே கும்பிடுதண்டம் போட முடியுமா?"

டாக்டர் சீனர். அவருக்குப் புரியல. நான் இங்கிலீஷ்ல சொல்லத் தடுமாறினேன். என் மக சட்டுன்னு எழுந்து, பையை நாற்காலியில வெச்சிட்டு, அந்த அறையிலயே மண்டி போட்டு, நெடுக விழுந்து, கும்பிட்டு எழுந்து ஒரு அடி முன்னால வந்து, திரும்ப விழுந்து காட்டினா. தாதி வாயில கை வெச்சுக்கிட்டாங்க. டாக்டர் எழுந்து வந்து நின்னு முழுசா பார்த்தார். பார்த்துட்டு, என் மனைவி முன்னால ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இல்லம்மா. அது முடியாது. தரையில உட்காரவும் முடியாது"ன்னு நேரா சொன்னார். அவ "சரி டாக்டர்"னு சொன்னா. அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

எங்க வீடு ஹவ்காங். வடகிழக்கு ரயில்ல ஏறினா நேரா ஊட்ரம் பார்க். அந்த ரயில்ல எத்தனையோ தடவை போயிருக்கேன், ஆனா அன்னிக்குத்தான் கவனிச்சேன். ஃபேரர் பார்க், நம்ம பெருமாள் கோயில். அடுத்து தேக்கா. அப்புறம் தோபி காட், கிளார்க் கீ. அடுத்தது சைனாடவுன், மாரியம்மன் கோயில். தீமிதி அன்னிக்கு நாம பெருமாள் கோயில்ல இருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு நடந்து போறோமே, சுமார் 4 கிலோமீட்டர், அந்த ரெண்டு கோயிலுக்கும் நடுவுல பூமிக்கு அடியில இந்த ரயில் போகுது. 1840லேர்ந்து அந்தக் கோயில்ல தீமிதி நடக்குது. நாங்க இறங்க வேண்டியது அதுக்கு அடுத்த ஸ்டேஷன். வழக்கமா நம்ம பாதை கோயிலோட முடிஞ்சிடும். இந்தத் தடவை அம்மா இன்னும் ஒரு ஸ்டேஷன் போன்னு சொல்றான்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆபரேஷன் 2024 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை தைப்பூசம். 1968லேர்ந்து நமக்குத் தைப்பூசம் பொது விடுமுறை இல்ல, அதனால வருஷா வருஷம் அதுக்குன்னு லீவை எடுத்து வைப்பேன். அந்த வருஷம் அதே லீவு ஆஸ்பத்திரிக்கு ஆச்சு.

காலையில எட்டு மணிக்கு உள்ளே கூட்டிக்கிட்டுப் போனாங்க. சாயங்காலம் வரைக்கும் நடைபாதையில உட்கார்ந்திருந்தேன். பையன் நேஷனல் சர்வீஸ்ல இருந்தான், சாயங்காலம்தான் விட்டாங்க. மக கான்டீனுக்குப் போன நேரத்துல நான் தனியா இருக்கும்போது ஒரு வேண்டுதல் வெச்சேன்: "அம்மா, அவ காலோட வெளியே வந்தா இந்த வருஷம் நான் தீ மிதிக்கிறேன்." 19 வருஷம் தொண்டு செஞ்சும் நான் தீ மிதிச்சதில்ல. வரிசையைப் பார்த்துக்கிறதுதான் என் வேலை.

காலோட வந்தா.

தைப்பூசத்தன்னிக்குப் பிசியோதெரபி பொண்ணு வந்து, வாக்கரைப் பிடிக்க வெச்சு எழுப்பி நிக்க வெச்சாங்க. ஏழு அடி நடந்தா. எட்டாவது அடிக்கு முகம் வெளிறிப்போச்சு, உட்கார வெச்சிட்டாங்க. அதே நேரத்துல என் போன்ல ஒரு படம் வந்தது. என் லைன்ல வேலை செய்ற புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தன், லீவு போட்டுட்டு டேங்க் ரோடு வாசல்ல பால்குடத்தோட நிக்கிறான். கீழே "அக்காவுக்காக"ன்னு எழுதியிருந்தான். எங்ககிட்ட அவன் சொல்லவே இல்ல. அந்தப் படம் இன்னும் என் மனைவியோட போன்ல முகப்புல இருக்கு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிச்சது. இதைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, அதனால நான் எழுதுறேன்.

இடுப்பு மூட்டு நழுவிடாம இருக்க, இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாது, தாழ்வான நாற்காலியில உட்காரக்கூடாது. கழிவறைக்கு உயரமான இருக்கை வேணும். நம்ம வீவக வீட்டுக் குளியலறையில ஒரு படி இருக்கே, அது எங்களுக்கு மலை. சாக்ஸ் போட்டுவிடணும். கீழே விழுந்த கரண்டியை அவ எடுக்க முடியாது. 27 வருஷமா அவ எனக்குச் செஞ்சதையெல்லாம் நான் அவளுக்குச் செய்யணும். எனக்கு ஒண்ணுமே தெரியல. கோயில்ல பெரிய அண்டாவுல சாம்பார் கிளறுறவன், வீட்டுல ரெண்டு பேருக்கு ரசம் வைக்கத் தெரியாம நின்னேன்.

மூணாவது வாரம் ஒரு சண்டை. கோயில்ல ஒரு விசேஷம், ஆள் குறைச்சல்னு கூப்பிட்டாங்க. "ரெண்டு மணி நேரத்துல வந்துடுறேன்"னு போயிட்டேன். வந்தது அஞ்சு மணி நேரம் கழிச்சு. போனை சத்தமில்லாம வெச்சிருந்தேன். வந்து பார்த்தா அவ அதே இடத்துல உட்கார்ந்திருக்கா. தண்ணி பாட்டில் உருண்டு கட்டில் அடியில போயிருந்தது. குனிஞ்சு எடுக்க முடியாது. மாத்திரை நேரமும் போயிடுச்சு.

அவ கத்தல. மெதுவாத்தான் சொன்னா: "கோயில்ல ஆயிரம் பேருக்குத் தண்ணி ஊத்துறீங்க. நல்லதுதான். ஆனா ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லுங்க. நீங்க அம்மாவைப் பார்க்கப் போறீங்களா, என்னைப் பார்க்க முடியாம போறீங்களா?"

பதில் சொல்ல முடியல. ஏன்னா அது உண்மை. அவ வலிக்குதுன்னு சொன்ன அந்த ஒன்பது மாசமும் நான் வாரத்துக்கு மூணு நாள் கோயில்லதான் இருந்தேன். கோயில்ல வேலை செஞ்சா எல்லாரும் "அண்ணே, அண்ணே"ன்னு மரியாதையா பேசுறாங்க. வீட்டுல நோயாளி பக்கத்துல உட்கார்ந்தா நம்ம கையாலாகாத்தனம்தான் தெரியும். தொண்டுங்கிற பேர்ல நான் அதுல இருந்து தப்பிச்சு ஓடிக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னிக்கு என் வேண்டுதலையும் சொல்லிட்டேன். "உனக்காகத் தீ மிதிக்கிறதா வேண்டியிருக்கேன்." அவ சிரிச்சா. "எனக்காகத் தீ மிதிக்க வேணாம். எனக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மாத்திரை எடுத்துக் கொடுங்க. அது போதும்"னா.

வேண்டுதலை விட்டா தெய்வக் குத்தம் ஆகிடுமோன்னு பயம். நம்ம சமையல்கட்டுல காய் நறுக்குற ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். அவர் கத்தரிக்காயை நறுக்கிக்கிட்டே, "கணக்கு எழுதுறது நாமதான் தம்பி, அவ எழுதுறதில்ல. முதல்ல வீட்டுல இருக்கிற அம்மா சொல்றதைக் கேளு"ன்னாரு. அந்த வருஷத் தீமிதிக்கு நான் தொண்டுக்கும் போகல, தீயும் மிதிக்கல. ஆறு மாசம் ராத்திரி ரெண்டு மணி அலாரம் வெச்சு எழுந்தேன். என் வேண்டுதல் அப்படித்தான் நிறைவேறிச்சு. இதுல தப்பு இருந்தா அம்மா என்னைத்தான் கேக்கட்டும்.

நம்மள்ல சிலர் சொன்னதையும் இங்கே எழுதணும். "கும்பிடுதண்டத்துல ஏதோ குறை வெச்சிருப்பா." "போன ஜென்மப் பாவம்." நேரா அவகிட்டயே சொன்னவங்க உண்டு. அவங்க கெட்டவங்க இல்ல, காரணம் தெரியாம இருக்கிறது யாருக்கும் பயமா இருக்கும், அதனால ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிடுறோம். நான் டாக்டர்கிட்ட கேட்டேன்: "விழுந்து விழுந்து கும்பிட்டதால வந்ததா?" "இல்ல. நீங்க செஞ்சது, செய்யாதது எதனாலயும் இது வரல"ன்னாரு. அதை அவ மூணு தடவை திரும்பச் சொல்லச் சொன்னா. தயவுசெஞ்சு நோயாளிகிட்ட போய்க் காரணம் சொல்லாதீங்க. சாப்பாடு கொண்டு போங்க.

வெட்டி எடுத்த எலும்பைப் பரிசோதிச்சு, விளிம்பெல்லாம் சுத்தம்னு ரிப்போர்ட் வந்தது. ஆனா கதை முடியல. இந்த நோய் திரும்ப வந்தா ஒண்ணு அதே இடத்துல வரும், இல்ல நுரையீரல்ல வரும். பல வருஷம் கழிச்சும் வரலாம். அதனால சில மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன். போன வருஷம் ஒரு ஸ்கேன்ல நுரையீரல்ல சின்னதா ஒரு புள்ளி. "என்னன்னு இப்ப சொல்ல முடியாது, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்"னுட்டாங்க. அந்த மூணு மாசம் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ரொம்ப அன்பா இருந்தோம். அவ்வளவு அன்பா இருந்ததே பயமா இருந்தது. திரும்ப எடுத்தப்ப அந்தப் புள்ளி அப்படியே இருந்தது, வளரல. இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. குணமாயிடுச்சுன்னு நான் இங்கே எழுத முடியாது. இன்னிக்கு நல்லா இருக்கா. அவ்வளவுதான் தெரியும்.

செலவைப் பத்தி நிறைய பேர் தனியா கேக்குறாங்க, கேக்கக் கூச்சப்படுறாங்க. வெளிப்படையாவே சொல்றேன். பில் ஐந்து இலக்கம். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிச்சு. ஆனா பாலிகிளினிக் கடிதத்தோட போனதால மானியக் கட்டணத்துல ஸ்பெஷலிஸ்டைப் பார்த்தோம். மானியம் உள்ள வார்டு எடுத்தோம். மெடிஷீல்டு லைஃப் பெரும்பகுதியைக் கட்டிச்சு, மீதியில நிறைய மெடிசேவ்ல போச்சு. கையிலிருந்து கட்டினது நான் பயந்த அளவுக்கு இல்ல. அப்படியும் முடியாதவங்களுக்கு மெடிஃபண்ட் இருக்கு. இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலயே மருத்துவ சமூக ஊழியர் இருக்காங்க. "எங்களால கட்ட முடியுமான்னு தெரியல"ன்னு வாயைத் திறந்து கேக்கணும். கௌரவம் பார்த்து சிகிச்சையைத் தள்ளிப் போடாதீங்க.

கடைசியா, ஒரு தொண்டூழியனா உங்ககிட்ட நாலு விஷயம் கேட்டுக்கிறேன்.

ஒண்ணு. ராத்திரியில, சும்மா படுத்திருக்கும்போது, வாரக்கணக்கா விடாம வலிக்கிற எலும்பு வலியைத் தைலத்தோட விட்டுடாதீங்க. முட்டி எக்ஸ்ரே நல்லா இருக்குன்னா, "இடுப்பையும் பாருங்க டாக்டர்"னு கேளுங்க. நூத்துல தொண்ணூத்தொன்பது பேருக்கு வேற சாதாரணக் காரணமாத்தான் இருக்கும். பார்த்துட்டு நிம்மதியா வாங்க.

ரெண்டு. காரணம் தெரியாத வலிக்கு மசாஜ் வேண்டாம். முதல்ல படம் எடுங்க, அப்புறம் பிடிச்சு விடலாம்.

மூணு. வீட்டுல உங்களை எழுப்பாம இருட்டுல யாராவது நிக்கிறாங்களான்னு பாருங்க. நம்ம பெண்கள் வலியைச் சொல்ல மாட்டாங்க. ஒரு தடவை சொன்னாங்கன்னா அதுக்கு முன்னாடி பத்துத் தடவை தாங்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

நாலு. கோயில்ல நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவங்களைக் காரணம் கேக்காதீங்க. புடவைக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. என் மனைவி தொடைக்குள்ள எலும்புக்குப் பதிலா உலோகம் இருக்கு. பார்த்தா தெரியாது. நான் எழுப்பிவிட்ட அத்தனை பேர்கிட்டயும், யார் யார்னு தெரியாததால, இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இப்ப நம்ம கோயில்ல தூண் பக்கமா நாலு நாற்காலி போட்டிருக்கோம். அதைப் போடுறதும் எடுக்கிறதும் என் பொறுப்பு.

போன தீமிதி சமயத்துல அவளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மத்த பெண்கள் கும்பிடுதண்டம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அவ ஊன்றுகோலைப் பிடிச்சு ஓரமா நின்னு பார்த்தா. முதல் தடவையா வந்த ஒரு சின்னப் பொண்ணு பாதியில சோர்ந்து உட்கார்ந்துட்டா. என் மனைவி மெதுவா நடந்து போய், குனிய முடியாததால நின்னபடியே, "மூச்சை விட்டுட்டு எழு கண்ணு. அவசரமில்ல. அம்மா எங்கயும் போயிட மாட்டா"ன்னு சொன்னா. அந்தப் பொண்ணு எழுந்தா. மிச்சச் சுத்து முழுக்க இவ பக்கத்துலயே நடந்தா. ஊன்றுகோலோட அந்தப் பொண்ணு வேகத்துக்கு நடக்கிறது சரியா இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்ல கேட்டேன், "கஷ்டமா இருந்துச்சா?"ன்னு. "இருந்துச்சு"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்த வருஷமும் வரலாம்"னா.

அடுத்த ஸ்கேன் வர்ற மாசம். உங்க பிரார்த்தனையில அவளையும் ஒரு நிமிஷம் வெச்சுக்குங்க. தண்ணீர்ப் பந்தல்ல அப்படிச் சொன்ன அம்மா இதைப் படிச்சா, சங்கடப்படாதீங்க. அடுத்த தைப்பூசத்துக்கு வாங்க. அவ பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டு வைக்கிறேன். மோர் அவ போட்டதுதான்.

அம்மா எல்லாரையும் காக்கட்டும். 🙏